சிவகாமியின் தலை

மல்வேர்ன்
தை 27

அன்புத் தங்கச்சி நிலாணிக்கு,

இங்கே ரொறன்ரோவில் நானும் உன் மச்சாள் பேபியும் சுகமாக இருக்கிறோம். என் இடது முழங்கால் மட்டும் தனிநாடு கேட்டுக்கொண்டிருக்கிறது. மேற்குச் சமவெளிக் குளிரில் உன் மூக்கு இன்னும் முகத்தில்தான் இருக்கிறதா என்று அறிய ஆவல். போன் எடுத்தால், "அண்ணை, சுருக்கமாச் சொல்லுங்கோ" என்கிறாய். கடிதத்தில் நீ குறுக்கிட முடியாது. அதனால்தான் ஐம்பத்தாறு வயதில் முத்திரை தேடித் திரிகிறேன்.

அரசாங்க ஆய்வுகூடத்தில் மாட்டு மூளை பார்க்கும் வைத்தியர் எங்கள் குடும்பத்தில் இருக்கும்போது, காசு கொடுத்து ஆலோசனை கேட்பானேன்? விஷயம் எங்கள் கோயில் கோசாலை பற்றியது. யூனியன்வில்லுக்கு வடக்கே, மாக்கஸ் என்ற வெள்ளைக்காரனின் பண்ணையில் வாடகைப் பட்டி. மாடு ஏழு, நிர்வாகசபை உறுப்பினர் பதினொன்று. நான் செயலாளர். மாடுகள் கூட்டத்துக்கு வராததால்தான் வேலை ஓரளவு நடக்கிறது.

மூத்தவள் சிவகாமி. வயது பதினைந்து. குதிரை ட்ரெயிலரில் ஏற்றி, புதுவீடு குடிபூரல்களுக்கு அனுப்புகிறோம். போன ஞாயிறு யூனியன்வில்லில் பல்வைத்தியர் துஷாந்தின் வீடு. வாசலில் படப்பிடிப்பாளன் ஃப்ளாஷ் அடித்ததுதான் தாமதம், சிவகாமி துள்ளினாள், பின்னங்கால் இரண்டும் இரண்டு பக்கமாய்ப் போக, மாலையோடு படியில் விழுந்தாள். துஷாந்தின் தாய் தலையில் கைவைத்தார்.

"ஐயோ, மாடு வாசல்லை விழுந்திட்டுதே! வீட்டை வித்துப்போடு தம்பி!"

ஐயர் விடவில்லை. "விழேல்லை அம்மா. நமஸ்காரம் பண்ணுது."

உடனே எல்லாரும் கும்பிட்டோம். நானும்தான். எழும்பிய சிவகாமி ஐயரின் தொடையில் ஓர் உதை விட்டாள். அதற்கு அவரிடம் விளக்கம் இல்லை.

இரண்டு மாதமாகவே அவள் சரியில்லை என்கிறான் மாக்கஸ். பட்டிப்பொங்கலுக்கு எங்கள் தொகுதி உறுப்பினர் கமராவோடு வந்து மாலை போட்டபோதும் நடுங்கிப் பின்னுக்குப் போனாள். அரசியல்வாதியைக் கண்டு நடுங்குவது அறிவு, நோயல்ல என்று நினைத்து விட்டுவிட்டேன். வாதமா? எண்ணெய் தடவலாமா? தலைவர் மோகனசுந்தரம் ஊரிலிருந்து தைலம் எடுப்பிக்கிறார்.

பேபி உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
முழங்காலோடு போராடும் அண்ணன்
குலசிங்கம்

*

கிரேரிட்ஜ்
மாசி 6

அன்பு அண்ணைக்கு,

நலமாக இருக்கிறேன். மூக்கும் இருக்கிறது.

தைலம் வேண்டாம். இவற்றைப் பார்த்துச் சொல்லுங்கள். சத்தத்துக்கும் வெளிச்சத்துக்கும் திடுக்கிடுகிறாளா? மூக்கை அடிக்கடி நக்குகிறாளா? தெரிந்த பட்டிப் படலையைத் தாண்டப் பயப்படுகிறாளா? நன்றாகத் தின்றும் மெலிகிறாளா?

இவற்றில் இரண்டு இருந்தாலும் உடனே மாட்டு வைத்தியருக்கு அறிவிக்கவேண்டும். அது சட்டம். இறந்தால் தலையைச் சோதிக்காமல் புதைக்கக் கூடாது. கோயிலில் என்ன சொன்னாலும் இதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். இனிக் குடிபூரலுக்கு அனுப்பவேண்டாம்.

முழங்காலுக்காக நடவுங்கள். பேபி மச்சாளுக்கு என் அன்பு.

நிலாணி

*

மல்வேர்ன்
மாசி 23

அன்புத் தங்கச்சிக்கு,

நலம் விசாரிக்க நேரமில்லாத கடிதம் இது. ஆனாலும் நீ சுகமாயிருக்க வேண்டும்.

நீ கேட்ட நாலும் இருந்தன. வைத்தியரை மாக்கஸ்தான் கூப்பிட்டான். அவர் வருவதற்குள் சிவகாமியால் எழும்ப முடியவில்லை. ஊசி போட்டு அவளைச் சிவலோகம் அனுப்பிவைத்தார். தலையைக் கொண்டுபோக, உரிமையாளர் சார்பில் ஒருவர் கையெழுத்து வைக்கவேண்டும் என்றார். மோகனசுந்தரம் பட்டுச் சால்வையும் சந்தனமுமாய் நின்றார். அவர் தமிழ்நாட்டுக்காரர், வங்கியொன்றில் கணினிப் பகுதியில் பெரிய ஆள். அன்று குழந்தைபோல் அழுதார்.

"தாயோட தலைய வெட்டுறதாவது! என்ன பேசுறீங்க குலசிங்கம் சார்? நாளைக்கு உங்க அம்மாவுக்கும் இப்படித்தான் செய்வீங்களா?"

"அம்மாவுக்கு என்ன நோய் எண்டு தெரியாமல் எரிக்கவும் மாட்டன், ஐயா," என்று சொல்லிக் கையெழுத்தைப் போட்டேன்.

இப்போது மல்வேர்ன் முழுக்க என் பெயர் 'தலைவெட்டி'. தமிழ்க் கடையில் கத்தரிக்காய் நிறுக்கிறவன்கூட "அண்ணை, காம்பை வெட்டிறதோ, விடுறதோ?" என்று கேட்டுவிட்டுச் சிரிக்கிறான். பேபியை ஒரு பெண்மணி கோயிலில் தள்ளி உட்காரச் சொன்னாளாம். பேபி தள்ளி உட்காரவில்லை. நீ அவளை அறிவாய்.

உடலைப் பண்ணையிலேயே ஆழக் குழி தோண்டிப் புதைத்தோம். தலையில்லாமல் கிரியை நிறைவேறாது என்று ஐயர் சொல்லிவிட்டார். ஆகவே அந்திரட்டிச் சடங்கு நிலுவையில் இருக்கிறது. உன் சொல்லுக்காகத்தான் எல்லாம் செய்தேன் என்பதை நீ மறக்கக்கூடாது என்பதற்காக இரண்டாம் முறையும் சொல்கிறேன்: உன் சொல்லுக்காகத்தான்.

தலைவெட்டி அண்ணன்

*

கிரேரிட்ஜ்
பங்குனி 9

அன்பு அண்ணைக்கு,

நீங்களும் மச்சாளும் படும் பாட்டுக்கு வருந்துகிறேன். ஆனால் நீங்கள் செய்தது சரி.

உங்கள் மாகாணத்தில் செய்த முதற்சோதனை சந்தேகமாக வந்ததால், உறுதிப்படுத்தத் தலையை இங்கே அனுப்பினார்கள். என் மேசைக்கே வந்தது. சொந்த அண்ணன் கையெழுத்திட்ட மாடு என்று அதிகாரியிடம் சொன்னேன். "வேறு ஆள் இல்லை, நீயே பார்" என்றார். வேறு வேறு முறைகளில் மூன்று தரம் பார்த்தேன். நோய் இருக்கிறது.

பத்திரிகைகள் மாட்டுப் பைத்தியம் என்கின்றன, நாங்கள் ஊரில் மாட்டு விசர் என்போமே, அந்தச் சொல்லுக்குள் இது அடங்காது. கிருமி இல்லை. உடம்பிலேயே இருக்கும் ஒரு புரதம் பிழையாக மடிகிறது. பக்கத்திலிருப்பதையும் அதே பிழையாய் மடிக்கிறது. மூளை மெல்ல மெல்லக் கடற்பஞ்சாகிறது. அவித்தாலும் சாகாது, ஏனென்றால் சாவதற்கு அதற்கு உயிரே இல்லை. சிவகாமிக்கு வந்தது கிழட்டு மாடுகளில் அபூர்வமாய்த் தானாகவே வரும் வகை. மற்ற மாடுகளைக் கிழடாகுமுன்பே வெட்டிவிடுகிறார்கள். உங்கள் மாடுகளுக்குத்தான் இந்த நோய் வரும்வரை வாழ அனுமதி இருக்கிறது.

கிழட்டு மாடுகளைக் கூடுதலாகச் சோதிக்கவேண்டும் என்று வருடக்கணக்காய்க் கேட்கிறேன். குறைத்துக்கொண்டே வருகிறார்கள். தேடாவிட்டால் அகப்படாது. அகப்படாவிட்டால் இல்லை என்று சொல்லிவிடலாம். சிவகாமி அகப்பட்டுவிட்டாள். இனிக் கேட்காமல் இருக்கமாட்டார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் அவள் போட்ட கடைசி ஆண்கன்று, அந்த நாம்பன், எங்கே? இந்த நோய் வந்த மாட்டின் கன்றையும் கண்காணிக்கவேண்டும், விசாரியுங்கள். இதையெல்லாம் நான் உங்களுக்கு எழுதவே கூடாது. கன்றுக்காக எழுதுகிறேன்.

நிலாணி

*

மல்வேர்ன்
பங்குனி 19

அன்புத் தங்கச்சிக்கு,

சுகம் கேட்டு எழுதினால், நீ என் சுகத்தைக் கேட்கவேண்டும். உன் கடிதம் வாசித்த நாள்முதல் நான் கண்ணாடி முன் நின்று மூக்கை நக்குகிறேனா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். சிவகாமியின் பாலில் செய்த பஞ்சாமிர்தம், மோர், பொங்கல் எதையும் நான் விட்டுவைத்ததில்லையே! பாலால் வருமா? ஒரே வரியில் பதில் போடு.

பிழையாக மடிந்த ஒன்று பக்கத்திலிருப்பதையும் மடிக்கும் என்று எழுதியிருந்தாய். எங்கள் நிர்வாகசபையை எந்தக் கண்ணாடிக்குக் கீழே வைத்துப் பார்த்தாய்? கன்றைப் பற்றிக் கூட்டத்தில் கேட்டேன். "அன்பளிப்பாப் போச்சு" என்றார் மோகனசுந்தரம். யாருக்கு என்றேன். பத்துப்பேரும் ஒரே நேரத்தில் தேநீர்க் கோப்பையைத் தூக்கினார்கள். பசுக்கன்று பட்டியில் நிற்கிறது. நாம்பன் கன்று 'நல்ல மனிதர் ஒருவரிடம்' போகிறது. அந்த நல்ல மனிதர் அதை வைத்துப் பஜனையா பாடுகிறார்? கோமாதாவுக்கு மாலை, அவள் மகனுக்குக் கத்தி. இவர்கள்தான் என்னைத் தலைவெட்டி என்கிறார்கள்! கோபத்தில் நான் வடையைக்கூடத் தொடவில்லை. (இரண்டு எடுத்தேன். பொய் சொல்லக்கூடாது.)

கன்றைக் கண்டுபிடிக்கிறேன். பாலை மறக்காதே.

குலசிங்கம்

*

கிரேரிட்ஜ்
சித்திரை 6

அன்பு அண்ணைக்கு,

பாலால் வந்ததாக ஆதாரம் இல்லை. கண்ணாடியை விட்டு நகருங்கள்.

இதை வாசித்ததும் கிழித்துவிடுங்கள். போன கிழமை அதிகாரி கூப்பிட்டார். அறிக்கையில் 'நோய் காணப்படவில்லை' என்று எழுதச் சொன்னார். வைகாசியில் இறைச்சி வாங்கும் நாடொன்றின் தூதுக்குழு வருகிறது. முன்பு ஒரு மாட்டால் எத்தனை பண்ணைகள் மூடின தெரியுமா என்று கேட்டார். எனக்குத் தெரியும். அந்தப் பண்ணைக்காரரின் பிள்ளைகளோடுதான் நான் வேலை செய்கிறேன். ஆனால் அவர்களை மூடவைத்தது மாடு இல்லை. மறைத்திருப்பார்களோ என்ற பயம்தான்.

"மூன்று தரம் பார்த்தேன், மூன்று தரமும் இருந்தது," என்றேன்.

"நாலாம் தரம் பார்க்கவேண்டாம்," என்றார்.

என் பெயருக்குமேல் அந்த வரியை எழுதமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். இனி என்ன நடக்கும் என்று தெரியவில்லை. பயிரில்லாத வயல்போல ஆய்வுகூடம் அமைதியாக இருக்கிறது. சாப்பாட்டு மேசையில் என் பக்கத்துக் கதிரை காலியாகவே இருக்கிறது.

ஒருவருக்கும் சொல்லாதீர்கள். பேபி மச்சாளுக்கும்.

நிலாணி

*

மல்வேர்ன்
சித்திரை 24

என் வீரத் தங்கச்சிக்கு,

நீ நலமாக இருப்பாய். உன்னை நலமில்லாமல் ஆக்க நினைக்கிறவன்தான் இனி மருந்து தேடவேண்டும்.

உன் கடிதத்தை வாசித்துவிட்டு மூன்று நாள் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. இறைச்சி விற்கவேண்டும் என்பதற்காக மூளையைப் பார்த்தவளின் கண்ணைப் பொத்துகிறார்களா? இவர்கள் வரி வாங்குவதும் என் பொக்கற்றில், பொய் சொல்வதும் என் மாட்டில்! பேபிக்கு நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. என் வாயை நான் கட்டிவிட்டேன். கையைத்தான் கட்ட முடியவில்லை.

'வடதிசை' இலவசப் பத்திரிகையில் கிழமைதோறும் நான் எழுதும் 'கொடுப்புக்குள் சிரிப்பு' பத்தியை நீ வாசிப்பதில்லை என்பது எனக்கு நெடுநாள் மனக்குறை. இந்தக் கிழமைப் பத்தியை வெட்டி இதோடு வைத்திருக்கிறேன். தலைப்பு, 'எருமைக்கு வந்த மறதி'. பயப்படாதே, எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன். பசு எருமையாகிவிட்டது. உன் அதிகாரி அரசனாகிவிட்டார். ஆய்வுகூடம் அரண்மனைத் தொழுவம். "மூன்று தரம் பார்த்தேன் மகாராசா, மூன்று தரமும் இருந்தது" என்று அரண்மனை வைத்தியச்சி சொல்கிறாள். "நாலாம் தரம் பார்த்தால் உன் கண் இருக்காது" என்கிறான் அரசன். அந்த இடத்தில் நானே சிரித்துவிட்டேன். எழுதியவன் சிரிக்கக்கூடாது என்பார்கள். வேறு யாரும் சிரிக்காதபோது என்ன செய்ய?

அதோடு இது தமிழ். அமைச்சில் எவன் தமிழ் வாசிக்கிறான்? முன்னால் நிற்பவனின் தொப்பையைப் பற்றி முப்பது வருடமாக ஸ்காபரோ பஸ்ஸில் சத்தமாய்ப் பேசி வருகிறோம். ஒருவன் திரும்பிப் பார்த்ததுண்டா?

சந்தோஷமாய் இரு. பதில் போடு. பத்தி எப்படி என்று இரண்டு வரியாவது எழுது.

குலசிங்கம்

*

மல்வேர்ன்
ஆனி 3

அன்புத் தங்கச்சிக்கு,

சுகமா? இதை இந்தத் தரம் சம்பிரதாயத்துக்குக் கேட்கவில்லை.

வைகாசி முழுக்க உன் பதில் இல்லை. போனில் ஒரு இயந்திரப் பெண் உன் பெட்டி நிரம்பிவிட்டது என்கிறாள். தபால்காரனைச் சந்தேகித்தேன். அவன் தன் பையை எனக்குத் திறந்தே காட்டினான். பத்தி பிடிக்கவில்லையா? பிடிக்காவிட்டால் திட்டி எழுது. திட்டுவதற்கும் ஒரு முத்திரைதான்.

இன்று அமைச்சிலிருந்து கோசாலைக்கு அறிவித்தல் வந்தது. 'உங்கள் விலங்கில் நோய் காணப்படவில்லை.' கீழே இருந்த கையெழுத்து உன்னுடையதல்ல. அதைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு ஒருபக்கம் நிறைந்தது, ஒருபக்கம் எரிந்தது. மோகனசுந்தரம் அதை ஃபிரேம் போட்டு அம்மன் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். பால்பொங்கலும் வைத்தார். எனக்கு ஒரு கிண்ணம் நீட்டிக்கொண்டு, "பாத்தீங்களா சார், அநியாயமா தலைய வெட்டுனீங்க," என்றார். அந்தக் கிண்ணத்தை அவர் தலையில் கவிழ்க்காமல் வந்தது என் வாழ்நாள் சாதனை. நான் வாய் திறந்தால் உனக்கு ஆபத்து என்பதால் விழுங்கினேன். பொங்கலையும் சேர்த்துத்தான்.

ஒரு வரி போடு.

அண்ணன்

*

கிரேரிட்ஜ்
ஆனி 21

அன்பு அண்ணைக்கு,

நான் நல்ல சுகம். இங்கே வெயில் வந்துவிட்டது. கனோலாப் பூக்கள் விரியத் தொடங்கியிருக்கின்றன. பின்னேரங்களில் நிறைய நடக்கிறேன். எனக்கு இப்போது நேரம் தாராளமாக இருக்கிறது. என் புது முகவரி உறையின் பின்பக்கம் இருக்கிறது. நிலக்கீழ் அறைதான். றெஜினா என்ற சிநேகிதியின் வீடு, நல்லவள்.

பத்தி கிடைத்தது.

சிவகாமிக்கு அந்திரட்டி செய்தாயிற்றா? தலை இல்லாமல் நிறைவேறாது என்று எழுதியிருந்தீர்கள். பொதுவாக ஒரு விஷயம் சொல்கிறேன். நோய் இல்லை என்று எழுதிக் கொடுத்த மாட்டின் தலையை வைத்திருக்க ஓர் ஆய்வுகூடத்துக்குக் காரணம் கிடையாது. உரிமையாளர் கேட்டால் எழுத்தில் பதில் சொல்லவேண்டும்.

முழங்காலுக்கு நடக்கிறீர்களா? மச்சாளுக்கு அன்பு.

நிலாணி

*

மல்வேர்ன்
ஆடி 30

நிலாணி,

நலம் என்று எழுத எனக்குத் தகுதி இல்லை.

உன் கடிதம் வந்தபோது, கனோலாப் பூவும் நடையுமாய் என் தங்கச்சி விடுமுறையில் குதூகலமாக இருக்கிறாள் என்று பேபிக்கு வாசித்துக் காட்டினேன். பேபி தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள்.

"இஞ்சை தாங்கோ." வாங்கி இரண்டாம் முறை வாசித்தாள். "விசரே உங்களுக்கு? வீடு ஏன் மாறினவள்? பின்னேரத்திலை ஏன் நடக்கிறாள்? வேலை போயிட்டுது அப்பா, அவளுக்கு வேலை போயிட்டுது!"

நான் நம்பவில்லை. போன சனிக்கிழமை ஒரு பிறந்தநாள் விழாவில் சுபாங்கியைச் சந்தித்தேன். என் பழைய கூட்டாளியின் மகள், சென் ஜேம்ஸ் ரவுணில் இருக்கிறாள். ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

"அங்கிள், யூ டோன்ட் நோ, நான்தான் உங்கட ஃபான். உங்கட பத்தியை ஒவ்வொரு கிழமையும் நான்தானே ட்ரான்ஸ்லேட் பண்ணுறனான்!"

"ஆருக்குப் பிள்ளை?"

"கவர்மென்டுக்கு. எங்கட கொம்பனி எல்லா மொழிப் பேப்பரையும் இங்கிலிஷிலை போட்டுக் குடுக்கும். எருமைக் கதை அவையளுக்கு நல்லாப் பிடிச்சுது, அங்கிள். திருப்பிக் கேட்டு வாங்கினவை. அந்த 'மூன்று தரம்' ஜோக்கை நான் அப்பிடியே விட்டனான், மிஸ் பண்ணேல்லை!"

அவள் முகத்தில் அவ்வளவு பெருமை. நான் அவளுக்கு நன்றி சொன்னேன், நிலாணி. கேக்கும் தின்றேன். பிறகு வாகனத்துக்குள் இருந்து, வாகனத்தைக் கிளப்பும் திறப்பை எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியாமல் நெடுநேரம் இருந்தேன்.

முப்பது வருடமாக நாங்கள் தொப்பையைப் பற்றிப் பேசிய ஒவ்வொருவருக்கும் தமிழ் தெரிந்திருந்தால்தான் என்ன? அந்த மூன்று தரம் உனக்கும் உன் அதிகாரிக்கும் மட்டும் தெரிந்தது. எனக்கு நீ சொன்னாய். நான் ஊருக்குச் சொல்லிவிட்டுச் சிரித்தேன். நீ 'பத்தி கிடைத்தது' என்று இரண்டு சொல்லோடு விட்டாய். வேறு யாராவதென்றால் இருபது பக்கம் திட்டியிருப்பார்கள். அது எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

இப்போது மற்றதைச் சொல்கிறேன். உன் கடிதத்தில் அந்திரட்டி பற்றிய பகுதியைப் பேபி மூன்றாம் முறை வாசித்துவிட்டு, "தலையைக் கேளுங்கோ" என்றாள். "சுத்தமான தலை எண்டால் தரட்டும். தராட்டில், ஏன் தரேல்லை எண்டு எழுதட்டும்."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. எங்கள் குடும்பத்தில் மூளை எல்லாம் பெண்களுக்குப் போய்விட்டது.

மோகனசுந்தரத்திடம் போனேன். நீ எழுதிய எதையும் சொல்லவில்லை. "ஐயா, சுத்தம் எண்டு எழுதிக் குடுத்திட்டினம். அம்மாவின்ரை தலையை ஏன் இன்னும் பெட்டிக்குள்ளை வைச்சிருக்கினம்?" என்று மட்டும் கேட்டேன். மனுஷன் கொதித்தெழுந்தார். தன் செலவில் மகஜர் அடித்து, எண்ணூறு பேரிடம் கையெழுத்து வாங்கிவிட்டார். தொகுதி உறுப்பினரிடம் போனால் அவருக்கும் உற்சாகம். இதே ஆள், அமைச்சரோடு நின்று பூங்காவில் பேர்கர் கடித்து, "எங்கள் மாட்டிறைச்சிபோல் பாதுகாப்பானது உலகில் இல்லை" என்று படம் போட்டவர். தையில் மாலை போட்ட அதே கை, ஆனியில் பேர்கர். வாக்கு என்றதும் இரண்டையும் கீழே வைத்துவிட்டு, "உங்கள் பசுவின் தலையை நானே வாங்கித் தருவேன்" என்று கமரா முன் சொல்லியிருக்கிறார்.

என்ன வாங்கித் தரப்போகிறார் என்று அவருக்கே தெரியாது.

என்னை மன்னி என்று கேட்கப் போவதில்லை. கேட்டால் நீ 'பரவாயில்லை' என்று எழுதிவிடுவாய்.

குலசிங்கம்

*

மல்வேர்ன்
ஐப்பசி 7

அன்பு நிலாணிக்கு,

நீ பதில் போடவில்லை. போடவேண்டும் என்று எதிர்பார்க்கவும் இல்லை. றெஜினாவிடம் போனில் கேட்டு, நீ சாப்பிடுகிறாய் என்பதை அறிந்துகொண்டேன்.

பதில் வந்துவிட்டது. உறுப்பினர் எல்லாக் கதவையும் தட்டியதால், விஷயம் கடைசியில் கழிவுப்பொருள் கையாளும் கந்தோருக்குப் போயிருக்கிறது. ஒழுங்கான மனிதர்கள். எங்கள் கோப்பைத் திறந்து பார்த்து, ஒழுங்காகவே பதில் எழுதியிருக்கிறார்கள்: 'நோய் உறுதிசெய்யப்பட்ட பொருளாகப் பதிவாகியிருப்பதால், தலையைத் திருப்பித் தர விதிகள் இடமளிக்கவில்லை. உங்கள் சமய உணர்வுகளுக்கு மதிப்பளிக்கிறோம்.'

பொய் சொல்லவேண்டும் என்று அந்தக் கந்தோருக்கு மட்டும் ஒருவரும் அறிவிக்க மறந்துவிட்டார்கள்.

பொதுக்கூட்டத்தில் நான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அம்மன் பக்கத்து ஃபிரேம் ஒன்று, இந்தக் கடிதம் ஒன்று. மோகனசுந்தரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மீண்டும் வாசித்தார்.

"எங்க அம்மாவுக்கு என்ன நோய்னு எங்ககிட்டயே மறைச்சாங்களா? அந்தக் காகிதத்துக்கு நான் பொங்கல் வச்சேனே சார்!"

ஒருவரும் தேநீரைத் தொடவில்லை. அவர் நின்றபடியே, யாரும் கேட்காமலே, நாம்பன் கன்றை யாருக்குக் கொடுத்தார் என்பதைச் சொன்னார். வடக்கே ஒரு பண்ணை. இன்னும் உயிரோடு நிற்கிறதாம். இறைச்சிக்கு வளர்க்கிறார்கள். அன்றே மாட்டு வைத்தியருக்கு அறிவித்தோம். பிறகு பத்திரிகைக்காரர் வந்தார்கள், தமிழ்ப் பத்திரிகைக்காரர் மட்டுமல்ல. கந்தோரின் கடிதத்துக்குமேல் நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. உன் பெயரும் சொல்லவில்லை.

'வடதிசை'க்கு அந்தக் கிழமை பத்தி கொடுக்கவில்லை. ஆசிரியர் இடத்தை வெறுமையாக விட்டு அச்சடித்துவிட்டார். நான் எழுதியதிலேயே அதுதான் சிறந்தது என்று நாலுபேர் போன் எடுத்துச் சொன்னார்கள்.

அண்ணன்

*

கிரேரிட்ஜ்
கார்த்திகை 10

அன்பு அண்ணைக்கு,

சுகம். இந்தமுறை உண்மையாகவே.

அமைச்சரின் அறிவிப்பைப் பார்த்திருப்பீர்கள். 'மேலதிகப் பரிசீலனையில் ஒரு கிழட்டுப் பசுவில் நோய் கண்டறியப்பட்டது. எங்கள் கண்காணிப்பு எவ்வளவு கூர்மையானது என்பதற்கு இதுவே சான்று.' அதை வாசித்து நானும் றெஜினாவும் சிரித்த சிரிப்பில் மேல்மாடி வாடகைக்காரர் தரையைத் தட்டினார். கிழட்டு மாடுகளைக் கூடுதலாகச் சோதிக்கப்போவதாகவும் சொல்லியிருக்கிறார்கள். அது நான் கேட்டது. யார் கேட்டது என்று அவர்கள் சொல்லவில்லை, சொல்லாவிட்டாலும் மாடுகளைச் சோதித்தால் போதும். அந்த நாம்பனைத் தனியாகக் கட்டிக் கண்காணிக்கிறார்களாம்.

போன கிழமை என்னைக் கூப்பிட்டார்கள். சித்திரைக் கடைசியில் ஒரு காவலாளியோடு என்னை வெளியே அனுப்பிய அதே வாசல். பழைய மேசை, பழைய சம்பளம், எல்லாம் திரும்பத் தருவார்களாம். ஒரேயொரு தாளில் கையெழுத்து வைக்கவேண்டும்: சோதனை முடிவை வெளியார் யாருக்கும் நான் சொல்லவில்லை என்று.

பேனாவும் தந்தார்கள். நல்ல பேனா. ஆனால் அண்ணை, உங்களுக்குச் சொன்னேனே. அவர்களுடைய பொய்யை எழுதாமல் வெளியே வந்தவள், என்னுடைய பொய்யை எழுதி உள்ளே போவது எப்படி? பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். வெளியே பனி தொடங்கியிருந்தது.

எனக்கு இந்த வேலையை விட்டால் வேறொன்றும் தெரியாது. இருபத்திரண்டு வருடம். அதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

மார்கழி முதல் கிழமை ரொறன்ரோ வருகிறேன். உங்கள் பட்டியில் ஆறு மாடு மிச்சம், அதில் நாலு கிழடு என்று மாக்கஸ் சொன்னான். நான்தான் அவனைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவற்றைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டுமாம். மோகனசுந்தரத்திடம் கேளுங்கள். தலையைப் பற்றி நானே அவருக்கு விளங்கப்படுத்துகிறேன். அந்திரட்டியைத் தலையில்லாமலே செய்யலாமா என்று ஐயரையும் கேளுங்கள். குடிபூரலுக்கு மாடு அனுப்பினால், யாரும் ஃப்ளாஷ் அடிக்கக்கூடாது.

மச்சாளிடம் சொல்லுங்கள், அவர் மூன்று முறை வாசிப்பார் என்று தெரிந்துதான் அந்தக் கடிதத்தை எழுதினேன்.

உங்களிடம் சொல்ல என்னிடம் நிறைய இருக்கிறது, அண்ணை. ஏழு மாதமாக எழுதாமல் வைத்திருக்கிறேன். தாளில் எழுதமாட்டேன். வந்து, உங்கள் முன்னால் இருந்து, சொல்வேன். நீங்கள் பகிடி விடாமல், குறுக்கிடாமல், முடியும்வரை கேட்கவேண்டும்.

நிலாணி